ஏழாவது வரிக்கு இடமில்லை

மீரான் சாயபு மூக்குப்பொடி மட்டையை எடுத்தார். என் முகத்தைப் பார்த்தார். மட்டையைத் திரும்பவும் தகர டப்பாவுக்குள் வைத்து மூடினார்.

“உமக்குப் பொடி கிடையாதுவே.”

பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குத் தெற்கே, ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்னொரு ஆள் நிற்க முடியாத கடை அது. பத்து வருஷமாக என் மூக்கு அந்தக் கடைக்கு வாடிக்கை.

“ஏன் பாய், சரக்கு வரலையா?”

“சரக்கு மலையாக் கெடக்கு. உமக்கு இல்லைங்கேன். இனிமே பொடி போட மாட்டேன்னு சொல்லியிருக்கீராம்லா? உங்க வேதக்கோயில் மாசப் புஸ்தகத்துல அச்சுல வந்திருக்கு. பக்கத்துக் கடை தையக்காரர் வாசிச்சுக் காட்டினாரு.”

“அது வேற யாராவது மாசிலாமணியா இருக்கும்.”

“பா. மாசிலாமணி, கம்பாசிட்டர். ஊர்ல எத்தனை பேருவே அப்படி இருக்கீய? அதுவும் பேரைத் தடிச்ச எழுத்துல போட்டிருக்காம்.”

எனக்கு மூக்கு அரித்தது. பேச்சைக் கேட்டே அரிக்கிற மூக்கு அது.

“ஒரு சிட்டிகை மட்டும் தாங்க பாய். யாருக்குத் தெரியப்போவுது?”

“படைச்சவனுக்குத் தெரியும். தையக்காரருக்கும் தெரியும். அந்தா, அங்கன இருந்து எட்டிப் பாத்திட்டு இருக்காரு பாரும்.”

பார்த்தேன். தையற்காரர் ஊசியை வாயில் வைத்துக்கொண்டு எனக்கு ஒரு கும்பிடு போட்டார்.

பின்பாதி முன்னால் வந்தது

இது வால் வெள்ளி தெரிந்த வருஷத்துக்கு அடுத்த வருஷமோ, அதற்கும் அடுத்ததோ. வருஷம் எனக்கு நிற்காது. மனிதர்கள் சொன்ன பேச்சு மட்டும் சொன்னபடியே நிற்கும். அது ஒரு கிறுக்கு. இந்தத் தொடரே அந்தக் கிறுக்கின் பலன்தான்.

நான் அப்போது பாளையங்கோட்டையில் ஓர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்க்கிறவன். முந்திய வாரங்களைப் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: பள்ளிக்கூடத்தில் நான் படித்தது மூன்றாம் வகுப்பு. மீதியெல்லாம் கையால் படித்தது. ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரிசையில் நிறுத்தும்போது எழுத்து இடம் வலமாகத் திரும்பி நிற்கும். அப்படித் திரும்பி நின்ற எழுத்தில்தான் பூகோளம் படித்தேன், சுகாதாரம் படித்தேன், மாட்டு வைத்தியமும் படித்தேன். வேலைக்கு எது வருகிறதோ அதுதான் அந்த மாதத்துப் படிப்பு.

அந்த வருஷம் வந்தது மனோதத்துவம். வாத்தியார் வேலைக்குப் பயிற்சி பெறுகிறவர்களுக்காக ஒரு ஆசிரியர் எழுதிய பாடப் புத்தகம். மனம் என்பது என்ன, பழக்கம் எப்படி உண்டாகிறது, தீர்மானம் செய்வது எப்படி என்று அத்தியாயம் அத்தியாயமாகப் போகும். காலம் தவறாமையைப் பற்றிய அத்தியாயம் மட்டும் மூன்று மாதம் தாமதமாக வந்தது. “எழுதுனவரு அதை இன்னும் படிக்கலை போலிருக்கு” என்றார் எங்கள் பொன்னையா அண்ணாச்சி.

பொன்னையா அண்ணாச்சி எங்கள் அச்சுக்கூடத்தில் மூத்த ஆள். பக்கம் கட்டி மிஷினில் ஏற்றுவது அவர் பொறுப்பு. ஏற்றிவிட்டால் பிறகு திருத்தம் என்று யார் வந்தாலும் ஒரே பதில்: “போனது போனதுதான்வே. அடுத்த மாசம் மன்னிப்புக் கேட்டுக்கிடலாம்.”

தீர்மானம் பற்றிய அத்தியாயமும் ஒழுங்காக வந்து சேரவில்லை. பின்பாதி முதலில் வந்தது. முன்பாதி மூன்று வாரம் கழித்துத்தான் வந்தது. கையில் கிடைத்ததைக் கோர்க்கிறவனுக்கு முன் என்ன, பின் என்ன? ஆனால் அதைப் படித்து அதன்படி வாழப் புறப்பட்டவனுக்கு அது வினையாகிவிட்டது.

பின்பாதி சொன்னது இவ்வளவுதான். தீர்மானங்களைச் சின்னச் சின்னதாக, எண் போட்டு எழுது. அடியில் உன் பெயரை எழுது. நாலு பேர் அறியச் சொல்லிவிடு. சொல்லிவிட்டால் வெட்கமே உன்னைக் காவல் காக்கும்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. மற்றவர்கள் எழுதுவார்கள், நான் கோர்ப்பேன். அதனால் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து என் தீர்மானங்களை ஈயத்தில் கோர்த்தேன்.

காலை நாலரை மணிக்கு எழுவேன். மூக்குப்பொடி போட மாட்டேன். நாள்தோறும் ஐந்து ஆங்கிலச் சொற்கள் கற்பேன். தவறாமல் ஆற்றில் குளிப்பேன். பிறர் பேசும்போது குறுக்கே பேச மாட்டேன். வீட்டில் குழம்பைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆறு வரி. மேலே ‘என் தீர்மானங்கள்’ என்று தலைப்பு. கீழே பெயர். பெயருக்கு மட்டும் தடித்த எழுத்து எடுத்தேன். எடுத்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். சணல் கயிற்றால் கட்டி என் தட்டில் வைத்துக்கொண்டேன். நாலு பேரிடம் சொல்லத்தான் வெட்கமாக இருந்தது. வெட்கம் காவல் காக்கும் என்றது புத்தகம்; என் வெட்கமோ வாசலை விட்டு நகர மறுத்தது.

முன்பாதி வந்த நாள்

மூன்று வாரம் கழித்து முன்பாதி வந்தது. எல்லாவற்றுக்கும் முதலில் செய்ய வேண்டியதை அந்த மனுஷர் அங்கேதான் வைத்திருந்தார்.

தீர்மானம் எழுதுவதற்கு முன்னால், உனக்கு எது பெரிது என்று கண்டுபிடி என்றார். அது தெரியாமல் எழுதுகிற தீர்மானம் வெறும் வேலைப் பட்டியல் என்றார். கண்டுபிடிக்க ஒரு வழியும் சொல்லியிருந்தார். சும்மா இருக்கும்போது மனம் எந்த நினைவைத் தொட்டவுடன் சட்டென்று வேறு பக்கம் ஓடுகிறதோ, அங்கே போய்த் தேடு.

அந்த வரியைப் பாதி கோர்த்திருந்தேன். கை நின்றுவிட்டது. மனம் ஓடிய இடம் எனக்கு உடனே தெரிந்தது. அம்பாசமுத்திரம். என் அக்காள் ஞானப்பூ.

அன்று சாயங்காலம் கட்டை அவிழ்த்து ஏழாவது வரியைச் சேர்த்தேன்: ஞானப்பூ அக்காளிடம் போவேன். மறுபடியும் கட்டி வைத்தேன்.

விஷயம் இது. அக்காளுக்கு ஒரே மகள், கிருபை. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு விக்கிரமசிங்கபுரத்து நூல் ஆலையில் கணக்கு வேலை. எங்கள் குடும்பத்தில் பெண்ணைக் கோயில் வாசற்படி வரைக்கும் கைபிடித்துக் கூட்டிப்போவது தாய்மாமன். கிருபைக்கு இருப்பது ஒரே தாய்மாமன். அது நான்.

தபாலில் கல்யாணப் பத்திரிகை வந்தது. பிரிப்பதற்கு முன்பே உறைமேல் அச்சடித்திருந்த எழுத்தின் மூக்கையும் முழியையும் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அது எங்கள் எழுத்தில்லை. திருநெல்வேலி டவுனில் வேறொரு அச்சுக்கூடத்தில் அடித்தது.

தம்பி அச்சுக்கூடத்தில் இருக்கிறான். அக்காள் வேறு இடத்தில் பத்திரிகை அடிக்கிறாள்! இதைவிட ஒரு கம்பாசிட்டரின் மூக்கை எப்படி அறுக்க முடியும்? எனக்குக் காய்ச்சல் என்று ஒரு கார்டு எழுதிப் போட்டேன். கல்யாணத்தன்று பாளையங்கோட்டையில் உட்கார்ந்து மாட்டு வைத்தியத்துக்குப் புரூப் திருத்தினேன். வயிற்று உப்புசம் பற்றிய பக்கம். அன்றைக்குப் பிறகு அவளும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை.

எட்டு வரி இடம்

இப்போது பொடிக்கடைக்கு வருகிறேன். அங்கிருந்து நேரே அச்சுக்கூடத்துக்கு ஓடினேன்.

“அண்ணாச்சி, என் தட்டுல கட்டி வச்சிருந்தது எங்க?”

பொன்னையா அண்ணாச்சி மையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “அதுவா? சபைப் புஸ்தகத்துல கடைசிப் பக்கம் எட்டு வரி குறைஞ்சுபோச்சு. நீரு புரூப்பைத் தூக்கிக்கிட்டு மனோதத்துவம் எழுதுன வாத்தியார் வீட்டுக்குப் போயிட்டீரு. மிஷின் நிக்குது. சுத்திப் பாத்தேன். உம்ம தட்டுல கட்டு ஒண்ணு இருந்துது. நல்ல விஷயமாவும் இருந்துது. எடுத்து வச்சிட்டேன்.”

“அது என் சொந்த விஷயம் அண்ணாச்சி!”

“சொந்த விஷயத்தையா ஈயத்துல கோப்பாவ? ஆனா ஒரு சங்கடம் பாத்துக்கிடும். தலைப்பு ஒண்ணு, தீர்மானம் ஏழு, பேரு ஒண்ணு. மொத்தம் ஒம்பது வரி. இடம் எட்டு. ஒண்ணை எடுத்தாகணும்.”

“எதை எடுத்திய?”

“ஏழாவதை.”

“பேரை எடுத்திருக்கலாமே!”

“எடுத்திருக்கலாம். பேரு வரலைன்னா நீரு ஒரு மாசம் எங்கூடப் பேச மாட்டீரே.”

ஒன்றை இங்கே மறைக்கக் கூடாது. ஏழாவது வரி போய்விட்டது என்று கேட்டவுடன் எனக்குள்ளே முதலில் வந்தது கோபம் இல்லை. ஒரு நிம்மதி. நல்லவேளை, ஊருக்குத் தெரியாது. போகாவிட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

அந்த நிம்மதி நெஞ்சுக்குள் முள்ளாகச் சிக்கிக்கொண்டது.

ஊர்க்காவல்

அடுத்த இருபது நாள் நான் வாழ்ந்த ஒழுங்கு, வாழ்நாளில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

விடிவதற்குள் பால்காரர் ஜன்னலைத் தட்டுவார். “கம்பாசிட்டரே, முழிச்சாச்சா? நாலரை தாண்டிட்டு!” பாலை வாங்கவா எழுந்தேன்? அவர் வாயை அடைக்க எழுந்தேன். ஆற்றுக்குப் போனால் துறையில் துவைக்கிறவர்கள் நான் முங்கி எழுவதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த துணியை எடுப்பார்கள். ஒருநாள் சளிப் பிடித்துக் காலை மட்டும் நனைத்தேன். “தலை நனையலையே!” என்று அக்கரையிலிருந்து ஒரு குரல். யாரென்று இன்றுவரை தெரியாது.

ஆங்கிலச் சொற்களைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வழிமறித்துக் கேட்டார்கள். பிறர் பேசும்போது குறுக்கே பேசாமல் இருந்ததில் ஊரில் எனக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி பரவிவிட்டது.

வீட்டில் என் மனைவி சாராள் வேறு விதமாகக் காவல் காத்தாள். முதல் நாள் குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தது. பேசாமல் சாப்பிட்டேன். மறுநாள் புளி. அதற்கு மறுநாள் குழம்பு என்று சொல்லி ஒன்றை ஊற்றினாள்; அதைப் பற்றி இன்னும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

“எப்படி இருக்கு?”

“திவ்வியமா இருக்கு.”

“பொய் சொல்ல மாட்டேன்னு ஒரு வரி போடலையா நீங்க?” என்று கேட்டுவிட்டுச் சிரிசிரியென்று சிரித்தாள்.

ஆறு வரியும் நடந்தது. பொடி நின்றது, உடம்பு இளைத்தது, ஊர் மெச்சியது. கோயிலில் இரண்டு பேர் கைகொடுத்தார்கள். அவர்கள் கைகொடுக்கும்போதெல்லாம் முள் இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. நான் நாலரை மணிக்கு எழுகிறேனா என்பது என் அக்காளுக்கு எந்த விதத்தில் ஆகப்போகிறது? பால்காரருக்குத்தான் ஆகும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சாராளிடம் ஏழாவது வரியைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“அச்சுல வந்திருந்தா போயிருப்பீயளா?”

“போயிருப்பேன். ஊரே பிடிச்சுத் தள்ளியிருக்கும்.”

“அப்பம் அது ஊரு போறது. நீங்க போறது இல்ல” என்றாள். கொடியில் உலர்ந்த என் சட்டையை எடுத்து மடித்துக் கையில் கொடுத்தாள். “ரெண்டு மணிக்கு ஒரு வண்டி இருக்கு.”

மூன்றாம் வகுப்புக்கூடப் படிக்காதவள். பாடப் புத்தகத்தின் முன்பாதியை அவளிடமே எழுதி வாங்கியிருக்கலாம். சீக்கிரம் வந்து சேர்ந்திருக்கும்.

நாலு ஸ்டேஷன், நாலு பிரசங்கம்

ரயிலில் மன்னிப்பைக் கோர்த்துக்கொண்டே போனேன். பேட்டை தாண்டும்போது அது இரண்டு வாக்கியம். சேரன்மகாதேவியில் ஒரு நல்ல பத்தி. வீரவநல்லூரில் இரண்டு வேத வசனங்கள் சேர்ந்தன. கல்லிடைக்குறிச்சி வந்தபோது கண்ணில் நீர் வரவழைக்கும் ஒரு முழுப் பிரசங்கமாகிவிட்டது. பாலத்தில் வண்டி ஏறியது; கீழே ஆறு பாறைகளுக்கு நடுவே சலசலத்துக்கொண்டு கிடந்தது. அந்தப் பிரசங்கத்தை நினைத்து எனக்கே கண் கலங்கியது. எதிரே இருந்தவர், “வீட்ல துக்கமாய்யா?” என்று கேட்டார்.

அம்பாசமுத்திரத்தில் இறங்கினேன். அறுப்பு முடிந்த சமயம். தெருவெல்லாம் புழுங்கல் வாடை. அக்காள் வீட்டு முற்றத்தில் மூன்று கல் கூட்டி ஒரு பெரிய அண்டாவில் நெல் அவிந்துகொண்டிருந்தது. அவள் உமியை அள்ளி அள்ளி அடுப்புக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். கை நிற்கவில்லை.

“வாலே” என்றாள். அவ்வளவுதான். உட்கார் என்று சொல்லவில்லை.

“அத்தான் எங்க அக்கா?”

“வயலுக்கு.” ஒரு கை உமி. “காய்ச்சலு நின்னுட்டா?”

ஒன்றரை வருஷத்துக் காய்ச்சல்! நான் வாயைத் திறந்தேன். வீரவநல்லூர்ப் பத்தியா, கல்லிடைக்குறிச்சிப் பிரசங்கமா என்று தேர்ந்தெடுப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள்.

“புஸ்தகம் இங்கயும் வந்துது. வாசிச்சேன். நாலரை மணிக்கு எந்திரிக்கியாம். ஆத்துல குளிக்கியாம். பொடி போட மாட்டியாம். ஏலே, ஆறு தீர்மானம் எடுத்திருக்கே. ஆறுல ஒண்ணுலயாவது மனுஷங்க இருக்காவளா? நான் வேண்டாம். கிருபை? அவ பேரு எங்கலே?”

“ஏழாவதா ஒண்ணு இருந்துது அக்கா.”

“எங்க?”

“கடைசிப் பக்கத்துல இடம் இல்லை. எடுத்துட்டாவ.”

சொல்லும்போதே எனக்குக் கேட்டது, அது எப்படி இருந்தது என்று. சத்தியமான வார்த்தை. உலகத்தில் அதைவிடக் கேவலமான பொய்யை ஒருவன் யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

“இடம் இல்லையாக்கும்!” என்றாள் அக்காள். “உம் பேருக்கு இருந்துது. அதுவும் குண்டு குண்டா.”

“நீ ஏன் டவுன்ல பத்திரிகை அடிச்சே?” என்று கேட்டேன். மன்னிப்புக் கேட்க வந்தவன் கேட்கிற கேள்வியா அது? ஆனால் அதுதான் வந்தது.

“உங்கிட்டக் குடுத்தா என்னலே ஆயிருக்கும்? மாப்பிள்ளை பேருக்கு மேல நீ வசனம் எழுதுவே. கீழ உம் பேரைப் போடுவே, மாப்பிள்ளை பேரைவிடப் பெருசா. சம்பந்தக்காரவுக என்னைத்தான் கேப்பாவ. இல்லைன்னு சொல்லு பாப்போம்.”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. ஏனென்றால் கல்யாணம் நிச்சயமான அன்றைக்கே நான் அந்தப் பத்திரிகைக்கு மனதுக்குள் எழுத்துத் தேர்ந்தெடுத்துவிட்டேன். ஓரத்துக்குப் பூ வரிசைகூடப் பார்த்து வைத்திருந்தேன். ‘தாய்மாமன் பா. மாசிலாமணி’ என்பதற்கு எந்த எழுத்து என்றும் முடிவு செய்திருந்தேன். மாப்பிள்ளை பெயரை நான் யோசித்ததே இல்லை.

அதையும் அவளிடம் சொன்னேன். பூ வரிசை வரைக்கும் சொன்னேன்.

அக்காள் அடுப்பைக் கிளறினாள். அண்டாவில் நெல் வாய் பிளந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. அந்த ஆவிக்குள்ளிருந்துதான் அடுத்ததைச் சொன்னாள்.

“பாதிரி ஐயரு ரெண்டு தடவை மணி அடிக்கச் சொல்லிட்டாரு. நான் ரயிலு வருதான்னு பாத்திட்டு நின்னேன். கார்டு வந்திருந்துது. ஆனாலும் வந்திருவேன்னு நெனச்சேன். கிருபையும் அப்படித்தான் நெனச்சா. மூணாவது மணிக்கு அவளே எந்திரிச்சு நடந்து போயிட்டா.”

பிரசங்கம் எங்கே போனது என்று தெரியவில்லை. வேத வசனம் இரண்டும் போய்விட்டன. எந்த ஸ்டேஷனில் கோர்த்த சொல்லும் கையில் இல்லை.

“அக்கா, நான் வந்திருக்கணும்” என்றேன்.

அவள் பழந்துணி ஒன்றை என் பக்கம் எறிந்தாள்.

“அந்தக் காதைப் பிடி. பைய. கால்ல கொட்டிக்கிடாத.”

இருவரும் ஆளுக்கொரு பக்கம் அண்டாவைப் பிடித்துத் தூக்கி, தெளித்து வைத்திருந்த முற்றத்தில் சாய்த்தோம். சூடு முகத்தில் அடித்தது. அவள் காலால் நெல்லைப் பரத்திக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

“கிருபைக்கு இது ஆறாம் மாசம். பேறுகாலத்துக்கு இங்கனதான் வாரா. நாளைக்குக் காலையில வண்டி கட்டச் சொல்லுதேன், விக்கிரமசிங்கபுரம் போயி அவளைப் பாத்து இதை அவகிட்டயும் சொல்லு. அவ என்ன சொல்லுவாளோ எனக்குத் தெரியாது. என்னைவிட வாய் ஜாஸ்தி.”

“சொல்லுதேன்.”

“பிள்ளைக்கு ஞானஸ்நானம் நம்ம கோயில்லதான். அதுக்கு அழைப்பு அடிக்கணும்னா, அந்த டவுன் அச்சுக்கூடத்துலதான் அடிப்பேன். இப்பவே சொல்லிட்டேன்.”

“அடி.”

“கோவிச்சுக்கிட மாட்டியே?”

அன்றைக்கு இன்னொரு பொய் சொல்லத் தெம்பு இல்லை.

“கோவிப்பேன்” என்றேன். “கோவிச்சுக்கிட்டே முந்தின நாளே வந்து நிப்பேன்.”

அதற்குப் பிறகுதான் அக்காள் உள்ளே போய் எனக்கு உட்காரப் பலகை எடுத்துக்கொண்டு வந்தாள்.